சந்தன நிறச் சுவர்

சுவருக்கு வண்ணம் தேர்வது செல்வர்களின் பொழுதுபோக்கு என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவர்கள் என் உம்மா.

2016ஆம் ஆண்டு கார்த்திகையில் வாப்பா வஃபாத்தானார்கள். உம்மா இத்தா இருந்தார்கள். நான்கு மாதமும் பத்து நாளும் காயல்பட்டினத்து வீட்டின் வடபுற அறையே அவர்களின் உலகம். நீலம் கலந்து வெள்ளையடித்த சுவர், மேலே குழல்விளக்கு. ஒருநாள் யாஸீன் ஓதி முடித்துவிட்டுச் சொன்னார்கள்:

"தம்பி, இந்தச் செவரைப் பாக்குறப்பல்லாம் வாப்பாவுக்குக் கஃபன் போட்ட ஞாபகமா வருது."

திடுக்கிட்டேன். பிறகுதான் அறையை உற்றுப் பார்த்தேன். கதிரவன் தென்திசை சாய்ந்திருக்கும் அம்மாதங்களில் வடக்குச் சன்னலில் வெயில் விழாது. வானின் நீல ஒளி மட்டுமே வரும். நீலம் கலந்த வெண்மை அவ்வொளியில் மேலும் குளிர்ந்து, வெறித்தது.

வண்ணம் மாற்றலாமென்றேன். "இத்தா வீட்டுக்குச் சாயமா? ஊர் என்ன சொல்லும்?" என்று தயங்கினார்கள். ஆலிம்சாவிடம் கேட்டேன். அலங்காரத் தடை பெண்ணின் மேனிக்கும் உடைக்குமே உரியது. விரிப்பையும் வீட்டுச் சாமான்களையும் அழகுபடுத்துவது ஆகுமென்று இமாம் நவவீ அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் கூறியிருக்கிறார்கள் என விளக்கினார்கள். உம்மாவின் மனம் தெளிந்தது.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் கொத்தனார் வந்தார். உம்மா இரு நாட்கள் உள்ளறைக்கு மாறினார்கள். வடிகட்டிய சுண்ணாம்பில் மஞ்சள் காவியைச் சிறிது சிறிதாகக் கலந்தார் அவர். காவி இரும்புச் சத்துள்ள மண். சுண்ணாம்பின் காரத்துக்கோ வெயிலுக்கோ வெளிறாது. ஈரத்தில் சுவர் அடர்மஞ்சளாய்த் தெரியவே நான் பதறினேன். "காயட்டும்" என்றார். மறுநாள் அது மெல்லிய சந்தன நிறமாய் வெளுத்திருந்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. ஆயினும் சுவரின் ஈரத்தை வெளியேற விடுகிறது. கடலோரத்துப் பழஞ்சுவருக்கு அதுவே ஏற்றது. எண்ணெய்ச் சாயம் ஈரத்தை உள்ளே அடைத்துப் பொருக்குவிடும்.

இரவில் விளக்கேற்றியபோது நிறம் மறுபடி சோகை பாய்ந்தது. குற்றம் சுவருடையதன்று, 6500 கெல்வின் குழல்விளக்கினுடையது. 2700 கெல்வின் விளக்கொன்றை மாட்டினேன். சுவர் இதமாய் மலர்ந்தது.

அறைக்குத் திரும்பிய உம்மா சுவரில் கை வைத்துச் சற்று நின்றார்கள். "எங்க உம்மா வீட்டுல மக்ரிபுக்கு அரிக்கேன் ஏத்துனா இப்பிடித்தான் இருக்கும்" என்றார்கள். பிறகு அமர்ந்து அழுதார்கள். ஆனால் சுவரைக் கண்டு முகந்திருப்பவில்லை.

துயரை ஆற்றுபவன் அல்லாஹ் ஒருவனே. அதற்கு வண்ணத்தால் ஆகாது. எனினும், துயருற்றோரின் கண் நாளெல்லாம் தங்குமிடத்தை இதமாக்கி வைப்பது நம்மால் ஆகும். சிறிது மஞ்சள் காவி அதற்குப் போதுமாயிருந்தது.