மாடு தின்னும் பயிருக்கு எது மருந்து?

திருப்பூர் மாவட்டம் காங்கயத்தை விட்டு எந்தச் சாலையில் வெளியேறினாலும் கண்ணில் படுவது கிளுவை வேலி. முள் நிறைந்த அந்த உயிர்வேலிக்குள் வெள்வேல மரங்கள் நிற்கும். அவற்றுக்குக் கீழே கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே நரிப்பயறும். இதுதான் கொங்கு நாட்டின் கொறங்காடு. மழை குறைந்த இந்த பூமியில் காங்கயம் மாடுகளும் செம்மறிகளும் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வளர்ந்த இடம்.

கொறங்காட்டில் பூச்சிமருந்துக்கு வேலை இல்லை. புல், பயறு, மரம் எனப் பலதும் கலந்திருப்பதால் ஒரே பூச்சி பெருகிக் காட்டையே அழிப்பது எளிதல்ல. மிச்சத்தை மேயும் கால்நடை பார்த்துக்கொள்ளும்.

கிணற்றுத் தண்ணீர் பாயும் தோட்டத்தில் நிலைமை வேறு. அங்கே கறவை மாடுகளுக்காகத் தீவனம் நெருக்கமாகப் பயிராகிறது. மூன்று வரிசை கம்பு நேப்பியர் புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால், தீவனச் சோளத்தோடு தட்டைப்பயறு என்று கலந்து போடுவது வழக்கம். புல்லில் மாவுச்சத்து, பயறில் புரதம், இரண்டும் ஒரே கட்டில் கிடைத்துவிடும்.

பசுமை இருக்கும் இடத்துக்குப் பூச்சியும் வரத்தான் செய்யும். சோளத்தில் குருத்து ஈயும் தண்டுத்துளைப்பானும் நடுக்குருத்தைக் காய வைக்கும். தட்டைப்பயறின் இளங்கொடியில் அசுவினி கறுப்பாக அப்பிக்கொள்ளும். பனிக்காலத்தில் இலையில் சாம்பல் நோய் மாவு தூவியதுபோல் படரும்.

நெல்லுக்கோ பருத்திக்கோ அடிப்பதுபோல் இங்கே மருந்து அடித்துவிட முடியாது. தீவனம் வாரக்கணக்கில் காத்திருக்கும் பயிர் அல்ல. இன்று அறுத்தது இன்றே கட்டுத்தரைக்குப் போகிறது. அதில் ஒட்டியிருக்கும் நஞ்சு மாட்டின் வயிற்றுக்குள் போனால் பாலிலும் கலக்கலாம். அந்தப் பால்தான் வீட்டுக் குழந்தையின் டம்ளருக்கும் வருகிறது.

அதனால்தான் வேப்பங்கொட்டை. ஆனி, ஆடியில் உதிரும் பழங்களைப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்தி வைக்கிறார்கள். எட்டு மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பூசணம் பிடித்துக் கறுத்த கொட்டை ஆகாது. 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ பருப்பு. இடித்து, துணியில் கட்டி, இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்தால் பால்போல் சாறு இறங்கும். இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் குறையும் என்பதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். அசுவினி, சாம்பல் நோய் இரண்டுக்குமே இது கைகொடுக்கும். அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளுக்கும் இதனால் பெரிய சேதம் இல்லை.

தண்டுக்குள் புகுந்துவிட்ட புழுவுக்குத் தெளிப்பு எட்டாது. காய்ந்த குருத்துகளைப் பிடுங்கி அழிப்பதும், முற்றவிடாமல் உரிய பருவத்தில் அறுப்பதும்தான் அதற்கு வழி.

‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்?’ என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஆடு மாடு தின்னாத இலைகளை ஊறவைத்துத் தெளிக்கும் ஐந்திலைக் கரைசல் மற்ற பயிர்களுக்குப் பேர்போனது. ஆனால், அந்த இலைகளை மாடு ஒதுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. எருக்கு, ஊமத்தை, அரளி எல்லாம் மாட்டுக்கு நஞ்சு. புகையிலைக் கஷாயமும் அப்படித்தான். தீவனப் பயிருக்கு இவை வேண்டவே வேண்டாம். சோளமே பிஞ்சுப் பருவத்தில் தன்னைக் காத்துக்கொள்ள உடம்பில் நஞ்சு வைத்திருக்கும் செடி. முதல் அறுப்புக்குச் சுமார் 65 நாள் பொறுப்பதற்கு விளைச்சலோடு இதுவும் ஒரு காரணம்.

வேப்பஞ்சாறு தெளித்த பாத்தியையும் உடனே அறுக்கக் கூடாது. கசப்பு ஏறிய புல்லை மாடு முகர்ந்துவிட்டுத் தள்ளிவிடும். வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒன்றில் தெளித்தால் அடுத்ததில் அறுப்பது நல்லது. தெளித்த பாத்தியின் ஓரம் ஒரு குச்சி நட்டு, அதில் பழைய துணியைக் கட்டி வைத்தால் போதும். இருட்டில் அவசரமாகப் புல் அறுக்க வருகிறவர்களுக்கு அது தெரியும்.