யுத்த காலத்துப் பெங்களூரும் நம்மவரும்

நம் சங்கத்து அன்பர்களில் பலர் ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் பெங்களூர்த் தண்டு ரயில் நிலையத்தைக் கடந்து செல்கின்றனர். 1864-ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை வந்தடைந்த நிலையம் அது. வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதற்கு அப்பால் அதைப் பற்றி எண்ணுவோர் குறைவு. ஆயினும் இரண்டாம் உலக யுத்தத்தின்போது நம்மவர் மனநிலை எவ்வாறு இருந்தது என்பதை அறிய விரும்புவோர் அந்த மேடையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ரயில்வே குமாஸ்தா வேறெங்கிருந்து தொடங்குவான் என்று நீங்கள் நகைக்கலாம். காரணம் இருக்கிறது.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8-இல் ரங்கூனும், அதே மாதம் 23-இல் அந்தமானும் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரல் 5-இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-இல் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் எண்ணினர். அவசியமில்லாதோர் நகரை விட்டு நீங்குக என்று மாகாண அரசாங்கமே அறிவித்தது. காரியாலயங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம் பெயர்ந்தன; உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குச் சென்றது. மிருகக்காட்சிச் சாலையில் இருந்த சிங்கம் புலி முதலியவை, கூண்டு உடைந்தால் தெருவில் திரியும் என்று அஞ்சிச் சுட்டுக் கொல்லப்பட்டன. லட்சக்கணக்கானோர் வெளியேறினர். குண்டு விழுந்து கலைந்த ஊர் அன்று அது. அரசாங்கத்தின் காகிதக் கட்டுகள் வண்டியேறுவதைக் கண்டு கலைந்த ஊர். ஆள்வோர் மூட்டை கட்டிய பிறகு குடிமக்களை மட்டும் கோழைகள் என்று ஏசுவது நியாயமன்று.

சென்னையிலிருந்து சுமார் 360 கிலோமீட்டர், கடலில்லை, கடல்மட்டத்திற்கு மேல் 3,000 அடி உயரம், அல்சூரிலும் சிவாஜி நகரிலும் அத்தை வீடோ மாமா வீடோ உண்டு. பெங்களூரை நாடியோர்க்கு இவ்வளவு போதாதா? எங்கள் தெருவில் தொண்ணூறைக் கடந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். அப்போது அவருக்கு எட்டு வயது. மயிலாப்பூரிலிருந்து வந்து அல்சூர்ச் சோமேசுவரர் கோயிலுக்கு அருகில் ஒரே வீட்டில் மூன்று குடும்பமாய்த் தங்கினார்களாம். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்னு சொல்லுவாங்க தம்பி. நாங்க எட்டு மாசம் இருந்தோம். அத்தை ஒரு நாள் முகம் சுளிச்சதில்லே. ஆனா அரிசிப் பானையை மட்டும் தன் கட்டிலுக்கு அடியிலே வெச்சுக்கிட்டாங்க" என்று அவர் சிரிப்பார். பர்மா அரிசி வரவு நின்று போன காலம் அது. அந்தப் பானையில் அன்றைய நிலைமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

நிற்க. யாரைக் கண்டு நம்மவர் அஞ்சினார்களோ அந்த ஜப்பானியர் வீடுகளில் அப்போது என்ன நடந்தது? "ஆடம்பரமே எதிரி" என்ற வாசகம் 1940 முதலே டோக்கியோ வீதிகளில் தொங்கியது. பத்துப் பதினைந்து வீடுகளை ஓர் அண்டைக் குழுவாக்கி, அதன் வழியாகவே பங்கீடும் தீயணைப்புப் பயிற்சியும் நடத்தினர். வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 330 கிராம் அரிசி. அதுவும் போகப் போகக் கிழங்கும் சோயாவுமாக மாறியது. கோயில் மணிகளை உலோகத்திற்காகக் கழற்றினர். 1944 முதல் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கிராமங்களுக்கு அனுப்பினர். 1945 மார்ச் 10-ஆம் நாள் ஒரே இரவில் டோக்கியோவில் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டனர். அந்த மக்களின் பொறுமையை வியந்து பேசுவோர் உண்டு. அதில் ஒரு பாதியைத்தான் நான் ஒப்புவேன். அரிசி பங்கிட்ட அதே அண்டைக் குழுதான் யார் என்ன பேசுகிறார் என்றும் கவனித்தது. முணுமுணுத்தால் போலீஸ் வரும் நாட்டில், மௌனத்தில் எவ்வளவு துணிவு, எவ்வளவு அச்சம் என்று யார் பிரித்தறிவார்? அவர்கள் அரசாங்கம் சயாம்-பர்மா இருப்புப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் சென்ற நம் தமிழ்க் கூலிகளில் பல்லாயிரவர் திரும்பவேயில்லை என்பதையும், தண்டவாளத்தோடு பிழைக்கும் நான் மறக்க இயலாது.

பெங்களூருக்கு மீள்வோம். இங்கே மக்கள் மனத்தைத் தாங்கியது வீர உரையன்று, வேலை. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை 1942-இல் இந்திய அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1943-இல் அது அமெரிக்க விமானப் படையின் பழுதுபார்க்கும் பட்டறையாயிற்று. கடலில்லாத இவ்வூரில், பெல்லந்தூர் ஏரியிலே கேட்டலீனா என்னும் நீர்விமானங்கள் வந்து இறங்கின! இன்று அந்த ஏரியின் நுரையைக் காண்போர் நம்ப மாட்டார்கள். வடக்கே ஜாலஹள்ளிப் பக்கம் ஆப்பிரிக்கப் போர்முனையில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் முகாமிட்டிருந்தனர். அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் சாப்பர்ஸ் படையினர், "தம்பிகள்" என்றே பெயர் பெற்ற நம் பிள்ளைகள், பயிற்சி முடித்துப் பர்மா முனைக்கு ரயிலேறினர். ஆகவே 1942-இல் தண்டு நிலையத்து மேடையில் ஒரு வண்டி ஜப்பானியருக்கு அஞ்சியோரை இறக்கிற்று. மற்றொரு வண்டி அவர்களை எதிர்க்கப் போவோரை ஏற்றிற்று. இருவர் பேசியதும் தமிழே.

விமானத் தொழிற்சாலையின் பழைய கதையைக் காண விரும்புவோர் பழைய விமான நிலையச் சாலையில் 2001-இல் திறக்கப்பட்ட அதன் காட்சிசாலைக்குக் குழந்தைகளுடன் செல்லலாம். யுத்தம் முடிந்து விமான வேலை குறைந்ததும் அத்தொழிற்சாலை ரயில் பெட்டிகளைச் செய்தது என்பது எங்கள் இலாகாவினருக்குத் தனிப் பெருமை.

பாட்டியின் தந்தைக்கு அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை கிடைத்தது. அவர் தம் மனைவி மக்களுடன் இங்கேயே தங்கிவிட்டார். மற்ற இரு குடும்பங்களும் 1942 முடிவில் மயிலாப்பூருக்குத் திரும்பின. 1943 அக்டோபரில், கூவம் பெருகிச் சென்னை வெள்ளத்தில் தத்தளித்த மாதத்தில், ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுச் சென்றது. அப்போது சித்தப்பா எழுதிய கடிதத்தைப் பாட்டி நெடுநாள் வைத்திருந்தாராம். வீட்டிற்குள் முழங்கால் அளவு தண்ணீர், விறகு நனைந்தது, மாடு இருமுகிறது என்று இரண்டு பக்கம். குண்டைப் பற்றி ஓரத்தில் ஒரு வரி.