நான்கு நிழற்படங்கள்

நமது கல்லூரியின் விழா மலருக்குப் பழைய மாணவர் யாவரும் தம்மிடமுள்ள பழைய நிழற்படங்களை அனுப்பி உதவுதல் வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். என்னிடமோ நமது கல்லூரியிற் பிடித்த படம் ஒன்றேனும் இல்லை. 1962 தொடக்கம் 1964 வரை இங்கே உயர்தர வகுப்பிற் படித்த காலத்து எடுத்த ஐந்தாறு படங்கள் சட்டமிடப்பெற்று எங்கள் வீட்டு விறாந்தையில் நெடுங்காலம் தொங்கின. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் ஒருசேர எழுந்து செம்மணி வெளியூடாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது, அவை சுவரிலேயே நின்றன. மறு ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது சுவரும் இல்லை.

எஞ்சியவை நான்கு. அவை நான்கும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியில் 1956 முதல் 1961 வரை நான் படித்த காலத்தவை. என் தமக்கையார் மணமுடித்துப் போகும்போது, தம்பியின் சிறுவயதுப் படங்கள் என்று தம் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு போனார். பெட்டி கண்டிக்குப் போயிற்று. பின்னர் இலண்டனுக்குப் போயிற்று. அவர் காலமான பின் மருமகளின் கையால் என்னிடம் மீண்டது. சைவப் பிள்ளைகளுக்கென எழுந்த ஒரு கல்லூரியின் மலரிற் கத்தோலிக்கக் கல்லூரிப் படங்களைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ என்று மலர்க்குழுச் செயலாளரை வினவினேன். “தாராளமாக எழுதுங்கள், ஐயா. இங்கே வருமுன் எங்கே இருந்தீர்கள் என்பதையும் நாங்கள் அறியவேண்டுமே” என்றார். அவர் தந்த துணிவிலே எழுதுகின்றேன்.

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பிள்ளை மட்டுநகர்ச் சுவாமிமாரிடம் போய்ச் சேர்ந்தமைக்குக் காரணம் தபாற் கந்தோர். என் தந்தையார் அங்கே எழுதுவினைஞராயிருந்தார். 1956இல் மட்டக்களப்புக்கு மாற்றம் வந்தது. புளியந்தீவில் வாடகை வீடு. கல்லூரி மணியோசை வீட்டுக்குக் கேட்கும். வாவிக்கு அப்பாற் கல்லடி உப்போடையில் விபுலானந்த அடிகளார் 1929இல் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் இருந்தது. எனினும் பத்து வயதுப் பிள்ளையை நாளும் பாலங் கடந்து அனுப்ப அம்மா உடன்படவில்லை. ஊரிலிருந்த பாட்டனாருக்குச் செய்தி எட்டியதும் ஒரு கடிதம் வந்தது. அதில் ஒரே வரிதான்: “பிள்ளையைப் பாதிரிமாரிடம் கொடுத்துவிட்டாயோ?”

பாட்டனாரின் அச்சத்தை எள்ளுதல் எளிது. நான் எள்ளமாட்டேன். கல்வி வேண்டுமாயிற் சமயத்தைக் கைவிடு என்று வெளிப்படையாகவும் மறைவாகவும் சொல்லப்பட்ட ஒரு காலம் இந்நாட்டில் இருந்தது. அதனாலன்றோ ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். அவர் காட்டிய வழியிலன்றோ பின்னர் இந்துக் கல்லூரிகள் எழுந்தன. பாட்டனார் அந்தப் பரம்பரையின் நினைவிலிருந்து பேசினார். தந்தையார் எழுதிய மறுமொழி எனக்கு நன்கு ஞாபகம் இருக்கின்றது. ஏனெனில் அதைத் தபாற்பெட்டியிற் போடுமுன் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அடிகளார் துறவு பூணுமுன், மயில்வாகனனாராக, இதே அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்றவர், படிப்பித்தவர். 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராயிருந்தவர். அவரே 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராக வந்தவர். சுவாமிமாரிடம் படித்ததனால் அவருடைய சைவத்துக்கும் தமிழுக்கும் என்ன குறை நேர்ந்தது என்று கேட்டிருந்தார். பாட்டனார் அதற்கு மறுமொழி எழுதவில்லை. அடுத்த கடிதத்தில், பிள்ளை நாடோறும் திருநீறு பூசிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகின்றானா என்று மட்டும் விசாரித்திருந்தார். அதற்கடுத்த கடிதத்திலும் அதுவே.

இனி முதலாவது படத்துக்கு வருவோம். அது 1957இல் எடுத்த வகுப்புப் படம். அந்நாளில் வகுப்புப் படம் எடுத்தல் ஒரு சிறு திருவிழா. முதல் நாளே வெள்ளைச் சட்டையுங் காற்சட்டையும் தோய்த்துக் கஞ்சி போட்டு மினுக்கி வைக்கவேண்டும். மண்டபத்து வாங்குகளை வெளியே தூக்கி வந்து அடுக்குவர். உயரமானோர் வாங்கின்மேல் நிற்பர்; நடுத்தரமானோர் நிலத்தில் நிற்பர்; அவர்களுக்கு முன்னே கதிரைகளில் ஆசிரியர்களும் வெள்ளை அங்கியோடு அதிபர் சுவாமியாரும்; எம்போன்ற குள்ளர் முன்வரிசையிற் சப்பாணி கட்டி இருப்போம். படம் பிடிப்பவர் முக்காலியில் மரப்பெட்டிக் கமராவை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள்ளே தலையை நுழைத்தாரானால் வெளியே வரக் கால் மணி நேரஞ் செல்லும். வாவிக்கரை வெயிலில் எங்கள் முகமெல்லாம் வியர்வை. “முகத்தைத் துடையுங்கோ, தம்பிமார்” என்றார் அவர். எல்லாருந் துடைத்தோம்.

அப்பொழுது எங்கள் வகுப்பாசிரியர் கதிரையை விட்டு எழுந்தார். அவர் பத்தியிற் சிறந்த கத்தோலிக்கர். செபமாலையைச் சட்டைப்பையிற் கொண்டே திரிபவர். என்னருகே வந்து குனிந்து பார்த்து, “பொறு மனே, உன் நெத்தியில ஒண்டுமில்லையே” என்றார். கைக்குட்டையோடு திருநீறு போய்விட்டதை நான் அறியேன். படம் பிடிப்பவரை நிற்கச் சொல்லி, வாயிற் காவலாளர் சைவர், அவரிடம் திருநீற்றுக் குடுவை இருக்கும், ஓடிப்போய் வாங்கிவா என்று ஒரு மாணவனை அனுப்பினார். “படத்தைப் பார்க்கிற வீட்டார், பிள்ளையை வெறும் நெற்றியோடு வைத்திருக்கிறார்களே என்று நினைக்கக்கூடாது” என்று அதிபரிடம் ஆங்கிலத்திற் சொன்னார். வெளிநாட்டவரான அதிபர் சுவாமியார் தலையசைத்துவிட்டுத் தம் செபப் புத்தகத்தைத் திறந்து அவ்வெயிலிலேயே வாசிக்கத் தொடங்கினார். திருநீறு வந்தது. எனக்குப் பக்கத்திலிருந்த வேறு இரு சைவப் பிள்ளைகளுங் கைநீட்டி வாங்கிப் பூசினர். பின்வரிசையில் நின்ற காத்தான்குடி மாணவன் ஒருவன், இதுவே தருணமென்று தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். படத்தை இன்று பார்ப்பவர்க்கும் முன்வரிசையில் மூன்று நெற்றிகள் அளவுக்கு மிஞ்சி வெளுத்திருப்பது தெரியும். அவசரத்தில் அள்ளிப் பூசிய திருநீறு அது.

அந்தப் படத்தின் பிரதியொன்றைத் தந்தையார் ஊருக்கு அனுப்பினார். அதன்பின் பாட்டனாரின் கடிதங்களில் அந்த விசாரணை வரவில்லை.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடக்கும் பாடவேளையில் எங்களை வேறொரு அறைக்கு அனுப்பி நன்னெறிக் கதைகள் சொல்வார்கள். உள்ளதைச் சொன்னால், ஞானோபதேச வகுப்பைவிட எங்கள் வகுப்பிலேதான் தூக்கம் மிகுதி. மதம் மாறும்படி யாரும் என்னை ஒரு சொல்லாலும் தூண்டியதில்லை. எல்லாருக்கும் எல்லாவிடத்தும் இவ்வாறே இருந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. என் வகுப்பில், என் காலத்தில், நான் கண்டது இது.

இரண்டாவது படம் செப்தெம்பர் 29ஆந் திகதி வரும் அர்ச். மிக்கேல் சம்மனசின் திருநாளன்று எடுத்தது. முகங்கள் மஞ்சளித்து மறைந்துவிட்டன. தோரணங்கள் மட்டும் தெளிவாயிருக்கின்றன. அவற்றைக் கட்டியவர்கள் சைவப் பிள்ளைகளாகிய நாங்களே. கோயில் திருவிழாவிற் குருத்தோலை பின்னிப் பழகிய கைக்கு வாழையும் கமுகும் தோரணமும் எங்கே எப்படி என்று ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை அன்றோ?

மூன்றாவது, 1961ஆம் ஆண்டுக் கூடைப்பந்துக் குழு. இதைப் பார்க்கும்போது சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸ் பகுதியிலிருந்து இயேசு சபைக் குருமார் கிழக்கிலங்கைக்கு வரத்தொடங்கினர். அவர்கள் கொண்டுவந்தவற்றுள் மட்டுநகர் இளைஞர் நெஞ்சை முற்றாகக் கொள்ளைகொண்டது கூடைப்பந்து. எங்கள் குழுவில் தமிழர் இருந்தனர், முஸ்லிம்கள் இருந்தனர், வீட்டிலே போர்த்துக்கேய மொழி பேசும் பறங்கி மாணவர் இருவரும் இருந்தனர். அனைவரும் வெறுங்காலினர். நான் பதிலாட்டக்காரன், பெரும்பாலும் வாங்கிலே இருந்து எலுமிச்சந் தண்ணீருக்குக் காவல் செய்தவன். எங்களைப் பயிற்றிய அமெரிக்கச் சுவாமியார் தமிழை நூலிலிருந்து கற்றவராதலால் விளையாட்டுத் திடலிலும் இலக்கணத் தமிழையே பேசுவார். பந்து கைமாறும் பரபரப்பிலே, “எறிவாயாக! விரைவாக எறிவாயாக!” என்று அவர் கூவ, எதிர்க்குழுவினர் சிரித்துப் பந்தைத் தவறவிடுவர். அவ்வகையில் நாங்கள் பெற்ற புள்ளிகளும் சில உண்டு.

வேறொன்று என்றேனே, அது இது. திருக்கோணமலை அர்ச். சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கூடைப்பந்து பயிற்றியவர் வண. யூஜின் ஹெபியர் சுவாமியார். லூயிசியானா மாநிலத்திற் பிறந்து 1948இல் இலங்கைக்கு வந்தவர். என்னிடமுள்ள படத்தில் அவர் இல்லை. இதில் நிற்பவர் வேறு சுவாமியார். ஆயினும் அந்த வெள்ளை அங்கியையும் கையிலுள்ள பந்தையும் காணுந்தோறும் அவரையே நினைக்கின்றேன். 1990 ஓகஸ்ட் 15, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாள். கிழக்கு முழுவதும் கொலையும் எரிப்புமாய்க் கிடந்த அந்நாளில், வாழைச்சேனையிலே துன்புற்றிருந்தோரைப் பார்க்கச் சென்றிருந்த அவர், இளைஞர் ஒருவரோடு ஸ்கூட்டரில் மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. உடல்களுங் கிடைக்கவில்லை. இந்நாட்டிலே நாற்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் ஒரு தெருவின் இரு முனைகளுக்கிடையிற் காணாமற் போய்விட்டார். நமது கல்லூரிப் பழைய மாணவருள்ளும் அவ்வாறு காணாமற் போனோர் உளர். அவர்தம் வீட்டார் படத்துக்கு மாலையிடவும் மனம் வராது, மாலையிடாதிருக்கவும் மனம் வராது தவிப்பதை நான் அறிவேன். காலமானோரின் படங்களை நாம் பார்க்கும் முறை ஒன்று. இவர்களுடைய படங்களைப் பார்க்கும் முறை வேறு. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான்காவது படம் சிறியது. கல்லூரிப் படமென்று சொல்லவும் முடியாது. பறங்கி நண்பன் ஒருவன் தன் தகப்பனாரின் பெட்டிக் கமராவைக் கொண்டுவந்து கல்லடிப் பாலத்தில் வைத்து எங்கள் நால்வரைப் பிடித்தான். பழைய இரும்புப் பாலம். பக்கத்திலே புதிய பாலம் 2013இல் வந்தது. முழுநிலா நாட்களில் அப்பாலத்தின்கீழே தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீரில் நட்டு அதன் மேல்முனையிற் காதை வைத்தாற் பாடுமீனின் ஓசை கேட்கும் என்பர். நாங்கள் பலமுறை காது வைத்தோம். எனக்குக் கேட்டது, மற்றவருக்குக் கேட்கவில்லை. எனக்குங் கேட்கவில்லை என்று இன்றுவரை அவர்கள் வாதாடுகின்றனர்.

வாதாடுவதற்கு இப்போது இருவரே உளர். ஒருவர் ரொறன்ரோவில், மற்றவர் திருக்கோணமலையில். நால்வருள் இடக்கோடியில் நிற்பவர் மட்டுநகரிலேயே ஆசிரியராயிருந்து சில ஆண்டுகளுக்குமுன் காலமானார். படங்கள் என் கைக்கு வந்த செய்தி அவர் துணைவியாரை எட்டியிருக்கவேண்டும். சென்ற ஆண்டு தொலைபேசியில் அழைத்தார். 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு அடித்த சூறாவளியிற் கூரையோடு கலியாணப் படங்களும் போயினவாம். மிஞ்சியதைப் பின்னாளில் இடம்பெயர்ந்தபோது இழந்தார்களாம். “என்னட்ட இருக்கிறது அடையாள அட்டைப் படம் மட்டுந்தான், அண்ணன். அதில அவருக்குத் தலை நரைச்சிட்டுது. மீசை இல்லாத அவர நான் கண்டதேயில்ல” என்றார்.

பாலத்துப் படத்தைப் பெருப்பித்து, வகுப்புப் படத்தின் பிரதியொன்றையும் சேர்த்து அனுப்பிவைத்தேன். பின்வரிசையில் இரண்டாவதாக நிற்பவரும் அவரே. கிடைத்த அன்றிரவே அம்மையார் மீண்டும் அழைத்தார். அதிக நேரம் பேசவில்லை. பேரன் இப்பொழுது அதே கல்லூரியில் எட்டாம் வகுப்பிற் படிக்கின்றானாம். பாலத்துப் படத்தை வாங்கி நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “அப்பப்பா செருப்பில்லாமலா திரிஞ்சவர்?” என்று கேட்டானாம்.