கடல் நீர் வயலுக்கு வருமா?

மணமேல்குடி பக்கம் விவசாயிகள் கூட்டத்துக்குப் போனால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். “ஐயா, பக்கத்துலயே கடல் கிடக்கு. சென்னையில உப்பை எடுத்துட்டுக் குடிக்கிறாங்களாமே, அதையே நம்ம வயலுக்கும் விட்டா என்ன?” பயிர் கருகும்போது எழும் நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டே பார்ப்போம்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நுண்ணிய சவ்வு வழியாகப் பெரும் அழுத்தத்தில் தள்ளித்தான் அதைப் பிரிக்கிறார்கள். 1,000 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 3 யூனிட் மின்சாரமாவது செலவாகும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு 1,200 மி.மீ. தண்ணீர் என்று வைத்தால், ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர். மின்சாரமே 14,000 யூனிட்டைத் தாண்டும். எந்த நெல் விலைக்கும் இது கட்டாது. 2010-ல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் திறந்த ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். ஒரு நாள் முழுக்க ஓடி எடுக்கும் தண்ணீர், 20 ஏக்கர் நெல்லின் ஒரு போகத்துக்குத்தான் காணும்.

அதற்காக அந்த ஆலைகளால் நமக்கு லாபமில்லை என்று நினைக்க வேண்டாம். கடலூர் மாவட்டத்து வீராணம் ஒரு பாசன ஏரி. 2004 முதல் அங்கிருந்தும் சென்னைக்குக் குழாயில் குடிநீர் போகிறது. நகரத்துக்குக் கடல் நீர் கிடைக்கக் கிடைக்க, ஏரித் தண்ணீர் உழவருக்கு மிஞ்ச வேண்டும். தேசிய நீர்க் கொள்கை குடிநீருக்கு முன்னுரிமை தருகிறது, அது சரிதான். மிஞ்சுவது வயலுக்குத் திரும்புமா என்பதையே நாம் கேட்க வேண்டும்.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021-ல் நம் மாவட்டத்துக் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். கால்வாய் வரும்போது வரட்டும். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தாலே 4 லட்சம் லிட்டர். உப்புமில்லை, மின்கட்டணமுமில்லை. அதைப் பிடிக்க நம் மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் இருக்கின்றன.

ஆனால் நல்ல மழை பெய்த ஆண்டிலும் வறண்டு கிடந்த கண்மாய்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். தூர் எடுக்க ஊரே வருகிறது. வரத்துவாரியைத் தொட்டால்தான் பேச்சு நின்றுபோகிறது. அதை அடைத்திருப்பவர் நமக்கு மாமனாகவோ மச்சானாகவோ இருப்பார். வரத்துவாரி அடைபட்ட கண்மாயை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் தண்ணீர் சேராது.

ஐப்பசி பிறக்கும் முன் நாலு பேராகச் சேர்ந்து வரத்துவாரி நெடுக நடந்து பாருங்கள். அடைபட்ட இடங்களைக் குறித்து, கிராம சபையில் தீர்மானம் போட்டு, அளந்து தரச் சொல்லி வட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். கடலோரத்தார் போரை மேலும் ஆழமாக்க வேண்டாம். நல்ல நீரை இறைக்க இறைக்க உப்பு நீர் உள்ளே ஏறும். போர்த் தண்ணீரை ஆண்டுக்கொரு முறை பரிசோதித்து, அதற்கேற்ற பயிரை வையுங்கள்.