லௌஷாவில் ஒரு கோலிக்குண்டு

கோலிக்குண்டு வாங்க யாராவது ஜெர்மனி வரை போவார்களா என்று நீங்கள் சிரிப்பீர்கள். நான் போனேன்! அதுவும் ஒரு பழைய கடனைத் தீர்ப்பதற்காக.

சிறு வயதில் ஏதோ கோபத்தில் என் தம்பியின் கோலி டப்பாவைக் கிணற்றில் போட்டுவிட்டேன். அன்று அவன் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. இன்று அவன் இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன்; ஆனாலும் பழைய கோலி சேர்க்கும் பைத்தியம் விடவில்லை. நான் ஜெர்மனி புறப்படுவது தெரிந்ததும், "அக்கா, லௌஷாவில் ஊதா விளக்குக்குப் பச்சையாக மின்னும் கோலி ஒன்று வாங்கி வா. கிணற்றுக் கணக்கைத் தீர்த்துவிடலாம்" என்றான்.

சோன்னெபெர்க்கிலிருந்து சின்ன ரயில் வண்டி துரிங்கியக் காட்டு மலைகளுக்குள் நுழைகிறது. பள்ளத்தாக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது லௌஷா. கூரைக்கு மட்டுமல்ல, சுவருக்கும் கருஞ்சிலேட்டைப் போர்த்திய வீடுகள்! 1597-இல் இங்கே கண்ணாடி உலை மூட்டினார்கள். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் கண்ணாடி உருண்டைகள் பிறந்த ஊரும் இதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இவ்வூர்க்காரர்கள் கோலிக்கென்றே ஓர் இடுக்கியைக் கண்டுபிடித்தார்கள். வண்ண இழைகள் ஓடும் கண்ணாடிக் கோலைச் சூடாக்கி, கிண்ணம் போன்ற அதன் வாயில் கொடுத்து உருட்டி நறுக்கினால் கோலி தயார். எலுமிச்சை மிட்டாய் செய்வது போலத்தான்! 1914-இல் போர் வந்தது. ஜெர்மன் கோலிகள் கடல் தாண்டவில்லை. அமெரிக்காவில் ஓஹையோ, மேற்கு வர்ஜீனியா பக்கத்து இயந்திரங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

பழம்பொருள் விற்கும் ஒரு மேஜையின் முன் நின்றேன். கடைக்காரர் மஞ்சள் கோலி ஒன்றை எடுத்து, கையால் மறைத்துக்கொண்டு, ஊதா டார்ச்சை அடித்தார். அடேயப்பா! இருட்டில் பூனைக் கண் போல் பச்சையாய் ஜொலித்தது. "பழையது, யுரேனியம்!" என்று அவர் சொன்ன விலையில் இங்கே ஒரு பட்டுப் புடவை வாங்கிவிடலாம். என் கை கைப்பைக்குள் போயிற்று.

பக்கத்தில் நின்ற மூதாட்டி ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். உலையருகே வாழ்நாளைக் கழித்தவளாம். "விளக்கை அணைத்துவிட்டுத் தடவிப் பார்" என்றாள், அரைகுறை ஆங்கிலத்தில். தடவினேன். எங்கும் வழவழப்பு. மூலையில் கிடந்த ஒரு கோலியை எடுத்துக் கொடுத்தாள். அது மின்னவில்லை. ஆனால் உள்ளே சிவப்பும் வெள்ளையுமாய் நூல்கள் முறுக்கிக்கொண்டிருந்தன; இரு முனையிலும் சொரசொரவென்று சிறு தழும்பு. கோலிலிருந்து கையால் நறுக்கிய அடையாளம்!

அவள் விளக்கியது இதுதான். 1830-களில் பொஹீமியாவில் யுரேனியம் சேர்த்து மஞ்சள் கண்ணாடி செய்து பிரபலமாக்கினார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை யுரேனியம் வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளியாகத் திருப்பித் தருகிறது. மாங்கனீஸ் சேர்ந்த கண்ணாடியும் மங்கலாகப் பச்சை காட்டும்; காட்மியம் சேர்ந்தால் மஞ்சளோ ஆரஞ்சோ காட்டும். ஆக, ஒளி சொல்வது கண்ணாடியில் என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டுமே. யார் செய்தார், எப்போது செய்தார் என்பதை அது சொல்லாது. யுரேனியக் கோலிகளை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள்!

மின்னுவதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் விலையை நிர்ணயிப்பவை வேறு: கைவேலையா, வண்ணமும் முறுக்கும் எப்படி, அளவு என்ன, அருமையானதா, மூளியில்லாமல் இருக்கிறதா என்பவை. கடை விளக்கில் புடவை நிறம் பார்த்து ஏமாந்த நமக்கு இது புரியாதா என்ன?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யுரேனியக் கோலி அலமாரியில் இருப்பதால் ஆபத்தில்லை என்கிறார்கள். ஆனால் வாயில் போடும் வயதுக் குழந்தையின் கையில் எந்தக் கோலியுமே கூடாது.

மின்னாத கோலியைத்தான் வாங்கி வந்தேன். தம்பி ஆசையோடு விளக்கை அடித்துப் பார்த்தான். முகம் சுருங்கியது. "கட்டை விரலால் தடவிப் பார்" என்றேன். தழும்பு விரலில் பட்டதும் பேச்சே வரவில்லை அவனுக்கு. வெகு நேரம் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கணக்குத் தீர்ந்ததா?" என்று கேட்டேன்.

"அதெப்படி அக்கா? டப்பாவில் ஐம்பது இருந்தது. இன்னும் நாற்பத்தொன்பது பாக்கி!" என்றான்.