வேர் தாங்கும் தேவாலயம்

ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிவிட்ட போர்ட் பிளேருக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ராஸ் தீவு. 2018-இல் அதற்கு நேதாஜியின் பெயர் சூட்டப்பட்டது. 1858-இல் ஆங்கிலேயர் அந்தமானில் அமைத்த கைதிக் குடியிருப்புக்கு அதுவே தலைமையிடமாய் விளங்கியது. அங்கே அவர்கள் எழுப்பிய பிரெஸ்பிட்டீரியன் தேவாலயம் இன்று கூரையின்றி நிற்கிறது. 1941-ஆம் ஆண்டு நிலநடுக்கமும், மறு ஆண்டு வந்த ஜப்பானியப் படையும் ஆங்கிலேயரை அகற்றின. காடு திரும்பி வந்தது.

சுவரெங்கும் ஆலினத்து மரங்களின் வேர்கள். பறவை எச்சத்தில் விழுந்த விதை காரை வெடிப்பில் முளைக்கிறது. மெல்லிய வேர் தடித்துக் கல்லைப் பிளக்கிறது. பின்னர் அதே வேர் வலையாய்ப் பின்னிச் சுவரைத் தாங்குகிறது. மரத்தை வெட்டினால் சுவரும் சாயும்! அறிவியல் மாணவனாகிய நான் இதை வியந்து நின்றேன்.

ஆனால் வியப்பினும் பெரிதாக ஒரு வினா எழுந்தது. அத்தீவில் ஆங்கிலேயர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. எதிர்க்கரையில், 1906-இல் கட்டி முடிந்த செல்லுலார் சிறையின் நடுக்கோபுரத்தில், அங்கே வாடிய விடுதலை வீரர் பெயர்கள் சலவைக்கல்லில் உள்ளன. அதற்கு முன் அரை நூற்றாண்டுக் காலம் காடு வெட்டிக் கல் சுமந்து மடிந்த எளிய கைதிகளுக்கு அத்தேவாலயச் சுவரில் ஓர் எழுத்தேனும் உண்டா?

போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டது தமிழர் மரபு. உழைப்பில் வீழ்ந்தவனுக்கும் அங்கே ஒரு கல் நடலாகாதா?