வாடகை வீட்டில் தமிழ்

வாடகை வீட்டில் குடியிருப்பவர் சுவரை இடித்துக் கட்ட முடியாது; கதவை இடம் மாற்றி வைக்கவும் முடியாது. ஆயினும் சன்னலுக்குத் திரை கட்டலாம், விளக்கை மாற்றலாம், கட்டிலைக் காற்று வரும் பக்கமாக நகர்த்திப் போடலாம். நிக்டியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நம்மில் பலருக்கு இது பழகிய வாழ்க்கைதான். வீடு பிறருடையது, அதில் வாழ்பவர் நாம்.

நம் தமிழ் மாணவர் மன்றத்தின் வலைப்பூவும் அத்தகைய வாடகை வீடே. பணம் கொடுப்பதில்லை என்பது ஒன்றே வேறுபாடு. இடத்தை ஒரு நிறுவனம் தருகிறது. பக்கத்தின் தோற்றத்தை, 'தீம்' என்னும் பெயரில், எங்கோ இருக்கும் வடிவமைப்பாளர் ஒருவர் முன்னரே அமைத்து வைத்திருக்கிறார். நாம் நம் கட்டுரைகளையும் கவிதைகளையும் அங்கே கொண்டுபோய்க் குடிவைக்கிறோம். அந்த வீட்டில் தமிழ் எப்படி இருந்தது, அது நிமிர்ந்து நிற்க என்ன செய்ய முடிந்தது என்பதை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு பொங்கல் மலர் வெளிவந்த வாரத்தில், பிராதிகரண் பகுதியில் என் அறைக்கு அடுத்த வீட்டுப் பெரியவர் என்னை அழைத்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையிலேயே வந்து, பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் லேத் எந்திரத்தின் முன் நின்று ஓய்வு பெற்றவர். தமிழில் எது கிடைத்தாலும் ஒரு வரி விடாமல் படிப்பவர். கைப்பேசியை என் முன் நீட்டினார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க. தலைப்பிலே புள்ளியையே காணோம். 'மன்றம்'னு இருக்கணும், 'மனறம'னு இருக்கு. கீழே எழுத்தெல்லாம் சாம்பல் பூசின மாதிரி இருக்கு. மேலே ஒரு நூல் இடம் விட்டிருந்தா போதுமே!" என்றார். அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைத் தொழிற்கூடங்களில் நம்மவர் நூல் என்பர். வாழ்நாளெல்லாம் நூல் கணக்குப் பார்த்த கண் அல்லவா அது!

பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. மெய்யெழுத்துகளின் புள்ளிகள் சீவப்பட்டிருந்தன. 'கி', 'கீ' போன்ற எழுத்துகளின் மேல்வளைவு பாதி மறைந்திருந்தது. 'து', 'பூ' போன்றவற்றின் கால்கள் அடுத்த வரியின் தலையில் இடித்துக்கொண்டு நின்றன. ஓலைச்சுவடிகளில் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்ற பெரியோர், புள்ளியும் பத்திப் பிரிவும் இல்லாத ஏடுகளோடு போராடி, நாம் எளிதாகப் படிக்கும் அச்சுநூல்களைத் தந்தனர். அவ்வாறு பெற்ற புள்ளியை ஒரு தீம் பறித்துக்கொண்டதே என்று வருந்தினேன்.

மன்றக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். நண்பர் சிலர் ஒரு வழி கூறினர். "இணையத்தில் தமிழ் அழகாக வராது. பக்கங்களை அழகாக அமைத்துப் படங்களாக்கிப் போட்டுவிடுவோம். எந்தக் கைப்பேசியிலும் ஒரே மாதிரி தெரியும்" என்றனர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பலர் தலையசைத்தனர். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. முதலாண்டு மாணவர் அவர்; பார்வையற்றவர். 'என்விடிஏ' என்னும் இலவசத் திரைவாசிப்பான் வழியாக நம் மலரைக் காதால் படிப்பவர்.

"படமாகப் போட்டால் எனக்கு அது வெறும் சுவர்தான், அண்ணா" என்றார் அவர்.

கூட்டம் அமைதியாயிற்று. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இன்று உண்டு; ஆயினும் நேரே எழுத்தாக இருப்பதற்கு அவை ஈடாகா. மேலும், படத்தில் உள்ள சொல்லைத் தேட முடியாது; சிறு திரையில் பெரிதாக்கினால் வரி திரையைத் தாண்டி ஓடும். "எனக்கு ஒரு வாரம் தாருங்கள், எழுத்தை எழுத்தாகவே வைத்துத் தோற்றத்தைத் திருத்த முடியுமா என்று பார்க்கிறேன்" என்று கேட்டேன். தந்தனர்.

எழுத்து வேறு, தோற்றம் வேறு என்று பிரித்து வைத்ததே இணையத்தின் சிறந்த ஏற்பாடுகளுள் ஒன்று. எச்.டி.எம்.எல். என்பது இது தலைப்பு, இது பத்தி, இது மேற்கோள் என்று சொல்லும். அவை எந்த நிறத்தில், எந்த அளவில், எவ்வளவு இடைவெளியில் தோன்ற வேண்டும் என்று சொல்வது சி.எஸ்.எஸ். என்னும் பாணித் தாள். 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், நார்வே நாட்டவரான ஹோக்கன் வியும் லீ இதற்கான முதல் முன்மொழிவை வெளியிட்டார். அப்போது அவர் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றினார். டச்சுக்காரரான பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்தார். 1996 டிசம்பரில் அதன் முதற்பதிப்பு உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. அந்த முன்மொழிவில் என்னைக் கவர்ந்த கருத்து ஒன்று உண்டு. பக்கத்தின் தோற்றத்தை எழுதியவர் மட்டும் முடிவு செய்வதன்று. படிப்பவரின் விருப்பத்துக்கும் அதில் இடம் உண்டு என்பதே அது. பெரியவரின் கண்ணும் தோழரின் காதும் அந்த ஏற்பாட்டுக்குள் அடங்கும்.

இவ்விரண்டும் தனித்தனியே என்பதற்குச் சான்று வேண்டுமா? 2003ஆம் ஆண்டில் டேவ் ஷே என்பார் 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' என்ற தளத்தைத் தொடங்கினார். அங்கே எழுத்து ஒன்றே, எச்.டி.எம்.எல். ஒன்றே. பாணித் தாளை மட்டும் மாற்றி, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத தோற்றங்களைப் பலர் படைத்துக் காட்டினர்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். வலைப்பூவின் அமைப்புப் பக்கத்தில், கூடுதலாக சி.எஸ்.எஸ். எழுத ஒரு பெட்டி இருந்தது. சில சேவைகள் இதனை இலவசமாகத் தரும். சில, கட்டணம் கேட்கும். தீமின் மூலக் கோப்பைத் தொட வேண்டியதில்லை. ஆகவே தீம் புதுப்பிக்கப்பட்டாலும் நாம் எழுதியது அழிவதில்லை. ஆனால் எந்த விதியை மாற்றுவது என்று முதலில் தெரிய வேண்டுமே! கணினி உலாவியில், பழுதான எழுத்தின்மேல் வலச்சொடுக்கு இட்டு 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தேர்ந்தால், அந்த எழுத்தை ஆளும் விதிகள் அனைத்தும் பக்கத்தில் தோன்றும். அங்கேயே எண்ணை மாற்றிப் பார்க்கலாம். மாற்றம் நம் திரையில் மட்டும் தெரியும். பக்கத்தை மீண்டும் திறந்தால் மறைந்துவிடும். எனவே அஞ்சாமல் முயலலாம்.

நோய் விரைவில் தெரிந்தது. தலைப்பின் 'லைன்-ஹைட்', அதாவது வரியின் உயரம், 1 என்று இருந்தது. பெட்டிக்கு மாறாத உயரமும் வைத்து, அதைத் தாண்டுவதை மறைக்குமாறு சொல்லியிருந்தனர். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளுக்கு அது போதும். மேலே புள்ளியும் கீழே சுழியும் உடைய தமிழுக்குப் போதாது. தலைப்புக்கு 1.5 என்றும், கட்டுரைக்கு 1.8 என்றும் மாற்றினேன். உயரக் கட்டுப்பாட்டை நீக்கினேன். இதைப் பிக்சல் கணக்கில் எழுதாமல் வெறும் எண்ணாக எழுதுவது நல்லது. எழுத்தைப் பெரிதாக்கினால் இடைவெளியும் உடன் வளரும். பெரியவர் கேட்ட ஒரு நூல் கிடைத்துவிட்டது.

அடுத்தது எழுத்துரு. தீமில் குறித்திருந்த எழுத்துருக்களில் தமிழே இல்லை. அப்படியானால் ஒவ்வொரு கருவியும் தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவைத் தானே எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று தோற்றம் வேறுபடும். என் அறைத்தோழர் சாதாராவைச் சேர்ந்த மராத்தியர். சகியாத்திரி மலைக்கோட்டைகளைப் பற்றித் தம் மொழியில் வலைப்பூ எழுதுபவர். அவருடைய பக்கத்திலும் தலைக்கோட்டுக்கு மேலுள்ள குறிகள் வெட்டுப்பட்டிருந்தன! இருவரும் ஓர் இரவு சேர்ந்து அமர்ந்தோம். மும்பையைச் சேர்ந்த 'ஏக் டைப்' குழுவினர் அமைத்து இலவசமாகத் தந்துள்ள எழுத்துருக் குடும்பம் ஒன்று உண்டு. அதில் தேவநாகரிக்கு 'முக்தா'. தமிழுக்கு 'முக்தா மலர்'. அவர் அக்காளை எடுத்துக்கொண்டார். நான் தங்கையை எடுத்துக்கொண்டேன்.

பிறகு சில்லறைத் திருத்தங்கள். தலைப்பில் ஆங்கில அழகுக்காக எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டிருந்தனர். தமிழில் அது சொல்லைச் சிதறடித்தது. நீக்கினேன். மேற்கோளைச் சாய்வெழுத்தாக்கியிருந்தனர். தமிழ் எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லாதபோது உலாவி நேரெழுத்தையே இழுத்துச் சாய்க்கும். அதை நிமிர்த்தி, இடப்புறம் ஒரு கோடு மட்டும் இட்டேன். இருபுறமும் வரியைச் சமப்படுத்தும் விதியால், நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு இடையே கைப்பேசியில் பள்ளங்கள் விழுந்தன. இடப்புறம் மட்டும் சீராக்கினேன்.

சாம்பல் நிறத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வெள்ளைத் தாளில் அந்தச் சாம்பலின் ஒளிமாறுபாடு 2.85க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்பது வலைக் கூட்டமைப்பின் அணுகல் நெறி. கருமைக்கு அருகிலான நிறம் ஒன்றைக் கொடுத்தேன், 12ஐத் தாண்டியது. முதியவர்களின் கண்ணுக்கு இது அலங்காரமா, தேவையா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு நுட்பத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரே பொருளைப் பற்றி இரண்டு விதிகள் மோதினால், மிகக் குறிப்பாகப் பேசும் விதியே வெல்லும். இரண்டும் சமமானால் பின்னே வருவது வெல்லும். 'எல்லாத் தலைப்பும்' என்பதைவிடக் 'கட்டுரைப் பகுதியில் உள்ள தலைப்பு' என்பதற்கு வலிமை மிகுதி. இதை அறிந்தால், 'இம்பார்ட்டன்ட்' என்று ஒவ்வொரு விதியின் இறுதியிலும் கூச்சலிட வேண்டியிராது. பாணித் தாளால் ஆகாதவையும் உண்டு. தேதி ஆங்கிலத்தில் வந்தால் மொழி அமைப்பில்தான் மாற்ற வேண்டும். வாடகை வீட்டின் சுவர் சுவர்தான்.

இந்தப் பணியைச் செய்கையில், நமக்கு முன் நடந்த ஒருவரை நினைத்துக்கொண்டேன். அதிராம்பட்டினத்துக்காரரான உமர் தம்பி 'தேனீ' என்னும் ஒருங்குறி எழுத்துருவை உருவாக்கினார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பலர் கணினியில் ஒருங்குறித் தமிழ் எழுத்துருவே இல்லை. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். வலைப்பூவின் பாணித் தாளில் சில வரிகளைச் சேர்த்தால், தேனீ எழுத்துரு பக்கத்தோடு தானே இறங்கி வந்து எழுத்தைக் காட்டும். அன்றைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியில் அது இயங்கியது. 2006ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். இன்று அந்த வரிகளுக்குத் தேவை இல்லை. ஆனால், படிப்பவர் தொல்லைப்படாமல் தமிழைப் படிக்க வேண்டும் என்ற அந்த அக்கறைக்குத் தேவை இருக்கிறது.

ஒரு வாரம் கழிந்தது. மொத்தம் எழுதியது இருபது விதிகளுக்குள்தான். மன்றத்தில் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் அருகருகே காட்டினேன். படமாக்கும் எண்ணத்தைக் கேட்டவர்களே கைவிட்டனர். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "இப்ப சரி தம்பி. ஆனா அந்தச் சிவப்புக் கோடு கொஞ்சம் கண்ணை உறுத்துது" என்றார். அதையும் மாற்றினேன். முதலாண்டுத் தோழரிடம் கேட்டேன். "எனக்கு ஒன்றுமே மாறவில்லை, அண்ணா. முன்போலவே படிக்கிறது" என்று சிரித்தார். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

நண்பர்களே! பொறியியல் படிப்போர் நம்மில் பலர். பிறர் தளங்களுக்காக இதைவிடக் கடினமான வேலைகளைச் செய்து மதிப்பெண் வாங்குகிறோம். ஒரு மாலைப் பொழுதை நம் தமிழ்ப் பக்கத்துக்கும் கொடுக்கலாகாதா? தீம் அமைத்தவர் நம் எழுத்தைக் கண்டதில்லை. அவரை நொந்து பயன் இல்லை. புள்ளி வேண்டும் என்று கேட்க வேண்டியவர் நாம். நம் விதிகளின் படி ஒன்றை மன்றச் செயலாளரிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். வேறு கல்லூரிகளில் தமிழ் வலைப்பூ நடத்தும் தோழர்கள் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். வாங்கியவர் ஒருமுறை தம் பக்கத்தை ஒரு முதியவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். மீதியை அவர் சொல்லிவிடுவார்.